வெயிலுக்காகக் கட்டிய ஆலைகள்

காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் ரயில், கணியம்பாடியும் கண்ணமங்கலமும் தாண்டி ஆரணி ரோடு என்ற நிலையத்தில் நிற்கும். ஆரணி அங்கிருந்து தள்ளி இருக்கிறது. நிலையம் இருக்கும் ஊர் களம்பூர். அரிசிக்குப் பேர்போன ஊர். சென்னை அரிசிக் கடைகளில் களம்பூர் பொன்னி, ஆரணி பொன்னி என்று பலகை எழுதி வைப்பதே ஒரு விளம்பரம். 1989-ல் பிரிக்கும்வரை இதெல்லாம் வட ஆற்காடு மாவட்டம், இப்போது திருவண்ணாமலை மாவட்டம். நெல் வியாபாரம் அந்த எல்லையைப் பெரிதாக மதித்ததில்லை. களம்பூர், போளூர், ஆரணி, ஆற்காடு, வேலூர் மண்டி என்று மூட்டைகள் போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இந்த வட்டாரத்தில் பழைய கட்டடம் என்றால் வேலூர்க் கோட்டை, போளூர் பக்கம் திருமலை சமணக் குன்று, தேவிகாபுரம் கோயில், ஆரணி ஜாகீர்தார் கட்டிய பூசிமலைக்குப்பம் மாளிகை என்று ஒரு பட்டியல் வரும். அரிசி ஆலை அதில் வராது. யாராவது ஆலையைப் படம் எடுத்தாலும் புகைபோக்கியை மட்டும் எடுத்துவிட்டுப் போவார்கள். செங்கல் புகைபோக்கி பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பழைய புழுங்கல் அரிசி ஆலை எப்படி வேலை செய்தது, ஏன் அந்த வடிவில் கட்டினார்கள் என்று கேட்டால், புகைபோக்கி சொல்வது கொஞ்சம்தான். சொல்ல வேண்டியதெல்லாம் அதன் காலடியில் கிடக்கும் வெறும் சிமென்ட் தரையில், அதாவது நெல் காயப்போட்ட களத்தில் இருக்கிறது. ஆலை மூடினால் முதலில் விற்றுப்போவதும் அதுதான்.

ஆலை வருவதற்கு முன்பு நெல் குத்துவது உரலிலும் உலக்கையிலும்தான். வீட்டுப் பெண்கள் குத்தினார்கள்; வசதியான வீடுகளுக்குக் கூலிக்குக் குத்திக் கொடுத்துப் பிழைத்த பெண்களும் ஏராளம். பிறகு எண்ணெய் என்ஜினோடு ஹல்லர் வந்தது. ஹல்லர் நம் ஊர்ச் சரக்கில்லை. பிரேசிலில் எங்கல்பெர்க் என்பவர் 1880களில் காபிக்கொட்டை தோல் நீக்க உருவாக்கிய இயந்திரம், நெல்லுக்கும் ஒத்துவந்ததால் ஆசியா முழுக்கப் பரவியது. வட ஆற்காட்டில் அதற்கு இன்னொரு துணையும் உண்டு: வேர்க்கடலை. மானாவாரி நிலத்துக் கடலையை உடைத்துப் பருப்பாக்கி அனுப்பும் வியாபாரம் இங்கே பெரிதாக நடந்தது. புதுச்சேரி வழியாகப் பிரான்சின் மார்செய் துறைமுகம் வரைக்கும் கப்பலேறியது. ஒரே என்ஜினில் கடலை வரும் காலத்தில் கடலை மிஷினும் மற்ற நாளில் நெல் மிஷினும் ஓட்டிய கொட்டகைகள் இந்தப் பக்கம் வழக்கமானவை. இன்றைக்கும் கிராமத்தில் வயதானவர்கள் ‘மிஷினுக்குப் போயிட்டு வரேன்’ என்பார்கள். ரைஸ் மில் என்ற பேச்சே பிறகு வந்ததுதான்.

ரயில் பாதை 19-ம் நூற்றாண்டின் கடைசியில் மீட்டர் கேஜாக வந்தது. மூட்டை ஏற்றி இறக்கும் வேலை நிலையத்தை ஒட்டி நடந்ததால் அதன் பக்கத்தில் ஆலை வைப்பது லாபம். அதன் பிறகு 1937-ல் மேட்டூர் அணையின் மின்சாரம் வடக்கு மாவட்டங்களுக்கு வரத் தொடங்கியது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. அப்புறம் ரேஷன், கட்டாயக் கொள்முதல், 1952-ல் ராஜாஜி எடுத்துவிட்ட கட்டுப்பாடு, மறுபடி வந்த லெவி (ஆலை அரிசியில் ஒரு பங்கை அரசுக்குக் கொடுத்தாக வேண்டிய கட்டாயம்) என்று அரசும் ஆலையும் ஒன்றை ஒன்று இழுத்தபடியே இருந்தன. 1960களில் கிணற்றுக்கெல்லாம் மின்மோட்டார் வந்து சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று போகமும் நெல் கிடைத்தபோது ஆலைகள் பெருத்தன. இப்போது நாம் பார்க்கும் கட்டடங்களில் பல அந்த இரண்டு மூன்று தலைமுறைக்குள் வளர்ந்து வளர்ந்து ஒட்டுப்போட்டவை.

சரி, கட்டடத்துக்கு வருவோம். நெல்லோடு சேர்ந்து நடந்தால்தான் ஆலை புரியும்.

வாசலில் இரண்டு கருங்கல் தூண். வட ஆற்காடு கல் நாடு. மாட்டுக்கொட்டகைக்கும் வேலிக்கும்கூடக் கல்லை நட்டு வைப்பவர்கள், ஆலை வாசலுக்கும் அதையே நட்டார்கள். உள்ளே நுழைந்ததும் கணக்குப்பிள்ளை உட்காரும் அறை, முன்னால் திண்ணை, சுவரில் சாமி படம். வண்டி நிற்கும் இடமும் எடைபோடும் இடமும் அந்தத் திண்ணையிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படிதான் இருக்கும். அடுத்தது நெல் குடோன். தடித்த சுவர், மேலே சின்னச் சின்ன ஜன்னல், தரை தெருமட்டத்திலிருந்து உயர்ந்திருக்கும். லாரிப் பலகையும் குடோன் தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால் மூட்டை தூக்குபவருக்கு முதுகு கொஞ்சம் மிஞ்சும்.

குடோனுக்குப் பின்னால் ஊறல் தொட்டிகள். செங்கல் கட்டி சிமென்ட் பூசிய தொட்டிகள், வரிசையாக. பழைய முறையில் நெல் இரண்டு மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் ஊறும். புளித்துப்போய் நாற்றம் எடுக்கும்; அந்தத் தண்ணீரை வெளியே விட்டால் தெருவே முகம் சுளிக்கும். பெரிய ஆலைகள் ஊருக்கு வெளியே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் சுடுதண்ணீரில் ஊறவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. 70 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு இருந்தால் மூன்று நான்கு மணி நேரம் போதும். அதனால் தொட்டியின் எண்ணிக்கையைப் பார்த்தால் ஆலை எந்தக் காலத்துப் பழக்கத்தில் கட்டியது என்று ஊகிக்கலாம்: நிறையத் தொட்டி இருந்தால் பச்சைத்தண்ணீர்க் காலம், குறைவாக இருந்து அதில் ஆவிக்குழாய் ஓடினால் பிந்தைய காலம்.

ஊறிய நெல்லுக்கு ஆவி காட்ட வேண்டும். அதற்குப் பாயிலர். பாயிலருக்கு எரிபொருள் உமி. இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி. அந்த உமியை எரித்தாலே அந்த நெல்லை அவிக்கத் தேவையான ஆவி கிடைத்துவிடும், மிச்சமும் இருக்கும். நெல் தன்னைத் தானே அவித்துக்கொள்கிறது என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் உமி எரிந்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும், பெரும்பகுதி சிலிக்கா. கறுப்புத் தூசி காற்றில் பறந்து ஈர நெல்லின் மேல் உட்கார்ந்தால் அரிசி கெட்டது. ஆக, புகைபோக்கி உயரமாக இருப்பதற்குக் காரணம் இரண்டு. உயரம் கூடினால் அடுப்புக்கு இழுவை கூடும். சாம்பலும் களத்தைத் தாண்டிப் போய் விழும். இரண்டாவது காரணம் களத்துக்காக. புகைபோக்கியின் உயரத்தையே ஓரளவு களம்தான் தீர்மானித்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

அவித்துமுடித்த நெல்லில் மூன்றில் ஒரு பங்கு எடை தண்ணீர். அதை 14 சதவிகிதத்துக்குக் கொண்டுவந்தால்தான் அரைக்க முடியும். ஒரே மூச்சில் காயவிட்டால் மணி உள்ளே விரிசல் விட்டு, அரைக்கும்போது நொய்யாகப் போகும். அதனால் பாதி காய்ந்ததும் கூட்டி அம்பாரமாகக் குவித்துச் சில மணி நேரம் ஆற விடுவார்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வரும். பிறகு மறுபடி பரப்புவார்கள். எப்போது குவிப்பது, எப்போது விரிப்பது என்பதை மீட்டர் சொல்லாது. காலால் கிளறிக்கொண்டே போகும் பெண்கள் ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்துச் சொல்வார்கள். ஒரு லோடு அரிசியின் விலை அந்தப் பல்லில் இருந்தது என்றால் மிகையில்லை. சம்பளக் கணக்கில் அவர்கள் பெயர் களத்து ஆள், அவ்வளவுதான்.

எவ்வளவு களம் வேண்டும்? ஒரு அங்குலக் கனத்துக்குப் பரப்பினால் ஒரு டன் நெல்லுக்கு 700, 750 சதுர அடி தேவை. தினம் 10 டன் அவிக்கும் ஆலைக்கு 7,500 சதுர அடி. முந்தைய நாள் நெல் இன்னும் காய்ந்துமுடியாமல் கிடக்கும் என்பதால் அதைப்போல இரண்டு பங்கு, அதாவது 15,000 சதுர அடி. சென்டில் சொன்னால் 34 சென்ட். குடோன், பாயிலர், ஆலைக்கூடம் எல்லாம் சேர்ந்தாலும் இதில் பாதிகூட வராது. ஆலை என்பது களம். மற்றதெல்லாம் அதன் ஓரத்தில் நிற்பவை.

தரையைக் குனிந்து பார்த்தால் அது சமதளமில்லை என்று தெரியும். பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவையும் லேசாகத் தூக்கி, இரண்டு பக்கமும் தண்ணீர் வடிய வழி விட்டிருப்பார்கள். திடீர் மழை வந்தால் நெல்லை நடு மேட்டுக்குக் கூட்டித் தார்ப்பாயை இழுத்து மூடலாம். தண்ணீர் பக்கவாட்டில் ஓடிவிடும். பழைய களங்களில் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், மேலே பின்னால் பூசிய சிமென்டும் அடுக்கடுக்காக இருக்கும். வெடித்த இடத்தில் அந்த அடுக்கைப் பார்க்கலாம். களத்தின் தெற்கே உயரமான கட்டடம் வைத்தால் மார்கழி, தை மாதத்தில் நிழல் நீண்டு களத்தில் விழும். விவரம் தெரிந்த மேஸ்திரி அதைத் தவிர்ப்பார். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வேலை அப்படியே நிற்கும். பாயிலரும் என்ஜினும் தயாராக இருந்தும் வெயில் இல்லாவிட்டால் ஆலை இல்லை.

இந்த ஒரு விஷயத்திலிருந்து ஆலையின் மற்ற ஏற்பாடெல்லாம் கிளைவிடுகிறது. விடிந்ததும் நெல் களத்தில் கிடக்க வேண்டுமென்றால் நடுராத்திரியிலேயே பாயிலர் மூட்ட வேண்டும். நடுராத்திரிக்கு வேலை தொடங்க வேண்டுமென்றால் ஆட்கள் ஆலைக்குள்ளேயே இருக்க வேண்டும். மதில் ஓரமாக, உமிக் குவியலுக்குப் பக்கத்தில், வரிசையாக ஒற்றை அறைகள் இருப்பது இதற்காகத்தான். தாழ்ந்த கூரை, குனிந்து நுழையும் வாசல், ஒரு ஜன்னல் இருந்தால் அதிர்ஷ்டம். குடும்பத்தோடு தங்கினார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு அந்த முன்பணம் கழிந்தபாடில்லை. வட மாவட்டங்களின் அரிசி ஆலைகளிலிருந்து கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்திகள், கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்து இருபது முப்பது ஆண்டு கழித்தும் வந்துகொண்டிருந்தன. எல்லா ஆலையும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் ஆலைக் கட்டடத்தின் பெருமையைப் பேசும்போது புகைபோக்கியை மட்டும் படம்பிடித்து இந்த அறைகளை விட்டுவிட்டால் பாதிக் கதையைத்தான் சொல்கிறோம். மதில் அவ்வளவு உயரமாக இருப்பது நெல் திருட்டுக்குப் பயந்து மட்டும்தானா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

ஆலைக்கூடத்தைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கூடத்தின் உயரம் அதன் வயதைக் காட்டும். ஹல்லர் ஒரே இயந்திரத்தில் உமியையும் தவிட்டையும் சேர்த்து உரித்துவிடும். அதற்குத் தாழ்ந்த கொட்டகையே போதும். ரப்பர் உருளை இயந்திரம் வந்தபோது உமி தனி, தவிடு தனி, நொய் தனி என்று பிரிக்கப் பல கட்டம் தேவைப்பட்டது. எலிவேட்டரில் நெல்லை உச்சிக்கு ஏற்றி, தானாகக் கீழே இறங்கவிட்டு, வழியில் ஒவ்வொரு வேலையாக முடிப்பார்கள். கூரை உயர்ந்தது, நடுவில் மர மேடைகளும் ஏணிகளும் வந்தன. ஒரே கூரையில் தாழ்ந்த பாதியும் உயர்ந்த பாதியும் இருந்தால் ஹல்லர் ஆலை வளர்ந்த கதை அது. பக்கச் சுவரில் ஒரே மட்டத்தில் வரிசையாக அடைத்த ஓட்டைகள் தெரிந்தால், ஒரு என்ஜினிலிருந்து நீளத் தண்டும் பெல்ட்டுமாக எல்லா இயந்திரத்தையும் ஓட்டிய காலத்துத் தடம். மின்மோட்டார் தனித்தனியாக வந்ததும் தண்டு போய் ஓட்டை மட்டும் மிஞ்சியது. கூரையில் வேய்ந்த ஓடு ஒன்றைப் புரட்டினால் அடியில் செய்த கம்பெனியின் முத்திரை இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865-ல் தொடங்கிய ஓட்டுத் தொழில் மேற்குக் கரையெல்லாம் பரவி, ரயிலேறி இங்கே வரை வந்தது.

ரப்பர் உருளைக்கு மாறுவது ஆலைக்காரர் விருப்பம் மட்டுமில்லை. ஹல்லரில் நொய் அதிகம், உமியோடு கலந்த தவிடு மாட்டுக்குத்தான் ஆகும். நல்ல தவிடு கிடைத்தால் எண்ணெய் எடுக்கலாம் என்று அரசே தள்ளியது. அதற்கு முன்னால் அரசின் கவலை வேறாக இருந்தது. 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் கைக்குத்தல் அரிசிக்காகப் பேசியது. அந்தப் பேச்சின் எதிரொலி 1958-ல் சட்டமாக வந்தது: அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம். புதிதாக ஆலை தொடங்க அனுமதி வேண்டும், நடத்த உரிமம் வேண்டும். கைக்குத்தல் பெரிதாகப் பிழைக்கவில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குவது கஷ்டம் என்றானபோது பழைய ஆலையையே ஒட்டுப்போட்டு ஓட்டுவதுதான் புத்திசாலித்தனமாக இருந்திருக்கும். 1997-ல் சட்டத்தை எடுத்தார்கள். கட்டடங்கள் அதுவரை நின்றதற்கு இந்தச் சட்டமும் ஒரு கைகொடுத்தது என்பது என் ஊகம்.

அதே 1958-ல்தான் பழங்கால நினைவுச்சின்னங்கள் சட்டமும் வந்தது என்பது வேடிக்கை. நூறு வயது ஆகியிருக்க வேண்டும், தேசிய முக்கியத்துவம் வேண்டும் என்பது அதன் அளவுகோல். வேலூர்க் கோட்டைக்கு அது பொருந்தும். 1940களில் ஓடத் தொடங்கிய ஒரு புழுங்கல் ஆலை நூறைத் தொடுவதற்குள் மூன்று கை மாறிப் பிளாட்டாகிவிடும். மாநில அளவில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் நிறைவேறியது. அமலுக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. அந்த ஆணையத்தின் கண் கோயிலும் அரண்மனையும் தாண்டி ஒரு நெல் களத்தில் விழுமா என்றால், எனக்கு நம்பிக்கை குறைவுதான்.

இதற்கிடையில் தொழில் மாறிவிட்டது. உமியின் சூட்டிலேயே ஓடும் டிரையர் வந்ததும் நெல் காய வெயில் தேவையில்லை. மழைக்காலமும் ராத்திரியும் ஒன்றுதான். நிறம் பார்த்துப் பழுத்த அரிசியைத் தள்ளும் இயந்திரம் வந்தபின் கடைக்காரர்கள் சார்டெக்ஸ் அரிசி என்றுதான் கேட்கிறார்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையான அரிசிப் பைக்கு ஜி.எஸ்.டி. போட்டதும் கடையில் 26 கிலோ சிப்பம் முளைத்தது. ஆலைக்காரர்களின் சாமர்த்தியத்துக்கு வயதாகவில்லை என்பதற்கு அது போதும். இவ்வளவுக்கும் நடுவில் களம் வெறும் இடமாகிவிட்டது. சாலையோரம், சமதரை, மதில் போட்டது, பட்டா சுத்தமானது. 34 சென்ட் என்பது 1,200 சதுர அடிக் கணக்கில் பன்னிரண்டு மனை. வழி விட்டால் ஒன்றிரண்டு குறையும். யார் வேண்டாமென்பார்கள்? கூடம் கல்யாண மண்டபமாகலாம், குடோன் உரக் கிடங்காகலாம். களத்துக்கு மறுபயன் மனைதான். ஆட்கள் தங்கிய அறைகள் ஓடும் மரமும் கழற்றியதும் மண்மேடு.

புகைபோக்கி மட்டும் நிற்கும். அதை யாரும் காப்பாற்றவில்லை. இடிக்கச் செலவாகும், பக்கத்து வீட்டில் விழுந்தால் வம்பு, இறங்கும் செங்கலுக்கு விலையில்லை. சோம்பலால் பிழைத்த சின்னம். அதனால்தான் முதலில் சொன்னேன், மிஞ்சியிருப்பதை வைத்து ஆலையைப் புரிந்துகொள்ளக் கூடாதென்று.

இதையெல்லாம் அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று ஆலைக்காரரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்க வேண்டும், வங்கிக் கடன் இருக்கும். கேட்கக்கூடியது அளந்து வைக்க விடுங்கள் என்பதுதான். ஆரணி, வேலூர் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் ஒரு டேப்பும் கைப்பேசியும் கொண்டு ஒரே நாளில் ஒரு ஆலையின் வரைபடத்தைப் போட்டுவிடலாம்: களத்தின் நீள அகலம், பாத்தி எத்தனை, சரிவு எந்தப் பக்கம், தொட்டி எத்தனை, அறைகள் எத்தனை. களத்தில் வேலைபார்த்த பெண்கள் பலர் அதே ஊரில் அறுபது எழுபது வயதில் இருக்கிறார்கள். எத்தனை மணிக்கு எழுந்தார்கள், முன்பணம் எவ்வளவு, எப்போது குவித்தார்கள் என்பதை அவர்களிடம் கேட்டால்தான் தெரியும். வரைபடத்தில் அறையைச் சதுரமாகப் போடுவதற்கு முன்பு அதில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று அவர்களிடம் விசாரித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று பாயிலர். 2025-ல் புதுச் சட்டம் வரும்வரை இருந்த 1923-ம் ஆண்டு இந்தியக் கொதிகலன் சட்டப்படி ஒவ்வொரு பாயிலரையும் பதிவுசெய்து எண் கொடுத்து, அந்த எண்ணை அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். வருடா வருடம் ஆய்வாளர் வந்து சான்று தருவார். பாயிலர்கள் ஆலை விட்டு ஆலை விலைக்குப் போகும், எண் கூடவே போகும். கட்டடத்துக்கு ஆவணம் இல்லாத இடத்தில் ஆலையின் வயதைப் பிடிக்க அந்த எண்ணும் பழைய சான்றுகளும்தான் கைப்பிடி. இரும்பு எடைக்குப் போகிற சரக்கு என்பதால் ஆலை மூடியதும் காயலான் கடைக்காரர் முதலில் கேட்பது பாயிலரைத்தான். அவர் லாரியோடு வருவதற்கு முன்னால் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.